மானாவாரி நிலமும் உலக வணிக விதிகளும்

பல நாடுகள் கூடிப் பொதுவான விதிகளை வகுத்து, அவற்றுக்குத் தாங்களும் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல்தரப்பு முறை என்கிறோம். பொருளாதாரத் துறையில் பன்னாட்டு நிதியம், உலக வங்கி, உலக வணிக அமைப்பு ஆகிய மூன்றும் இந்த முறையின் முதன்மை நிறுவனங்கள். இவற்றின் வலுவையும் எல்லையையும் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஜெனீவா, வாஷிங்டன் மாநாடுகளையே சுற்றிவருகின்றன. அங்கே எழுதப்படும் விதி பலன் தருகிறதா என்பது விளைபொருளுக்கு விலை படியும் இடத்தில்தான் தெரியும். அப்படிப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் மிகப் பொருத்தமானவை.

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் திரும்ப இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமானது. பெரம்பலூரின் கரிசல் மண்ணில் வானம் பார்த்த விவசாயமே மிகுதி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் மூன்றிலும் மாநிலத்தின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்று அது. அரியலூரின் செல்வம் சுண்ணாம்புக்கல். அதை நம்பிச் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக எழுந்துள்ளன. செந்துறை, ஜெயங்கொண்டம் வட்டாரங்களில் முந்திரி விளைகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றின் விலையையும் சந்தையையும் உள்ளூர் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதனால் இங்குள்ள விவசாயி அறிந்தோ அறியாமலோ உலக விதிகளுக்குள் வாழ்கிறார்.

அந்த விதிகள் உருவான காலத்திலிருந்தே இந்தியா உள்ளே இருந்திருக்கிறது. பன்னாட்டு நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளமிட்ட 1944ஆம் ஆண்டு பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவில், பின்னர் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இடம்பெற்றிருந்தார். உலக வணிக அமைப்புக்கு முன்னோடியாக 1947இல் ஜெனீவாவில் 23 நாடுகள் செய்துகொண்ட காட் ஒப்பந்தத்திலும் இந்தியா தொடக்க உறுப்பினர். தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட ஒரு சொல் எவ்வளவு தூரம் பின்தொடரும் என்பதற்கு மக்காச்சோளமே சான்று. பழைய காட் காலத்து ஒப்புதல்படி அரிசி, மக்காச்சோளம், சோளம், பால் பவுடர் போன்ற சில பொருள்களுக்கு இந்தியா இறக்குமதி வரியைச் சுழியமாகக் கட்டிவைத்திருந்தது. இறக்குமதிக்கே அளவுக் கட்டுப்பாடு இருந்த நாள்களில் இது யாரையும் உறுத்தவில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஆபத்து வந்தபோதுதான் இந்த வாக்குறுதியின் கனம் புரிந்தது.

அந்த ஆபத்து ஒரு வழக்காக வந்தது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இந்தியா வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அமெரிக்கா 1997இல் உலக வணிக அமைப்பில் புகார் செய்தது. இந்தியாவின் கையிருப்பு போதுமானதா என்று விசாரணைக் குழு பன்னாட்டு நிதியத்திடம் கருத்துக் கேட்டது. போதுமானதே என்ற திசையில் பதில் வந்தது. 1999இல் இந்தியா விசாரணைக் குழுவிலும் மேல்முறையீட்டிலும் தோற்றது. 2001 ஏப்ரல் 1ஆம் தேதி கடைசிக் கட்டக் கட்டுப்பாடுகள் நீங்கின. இடைப்பட்ட நேரத்தில், 1999 டிசம்பரில், அமெரிக்காவோடு மறுபேச்சு நடத்தி மக்காச்சோளத்தின் பழைய சுழிய வரியை இந்தியா மாற்றிக்கொண்டது. அதற்கு விலையாகக் குறிப்பிட்ட அளவு வரை 15 சதவீத வரியில் இறக்குமதியை அனுமதிக்க ஒப்புக்கொண்டது; அந்த அளவு பின்னர் 5 லட்சம் டன்னாக நிலைபெற்றது. அதற்கு மேல் வருவதற்கு வரி பல மடங்கு. பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் மக்காச்சோளம் இன்று பரந்து விளைவதற்குக் கோழித்தீவனத் தேவை ஒரு காரணம். இந்த வரிச்சுவர் இன்னொரு காரணம். தோற்ற நாட்டுக்கும் விதிக்குள்ளேயே ஒரு வழி இருந்தது என்பது பல்தரப்பு முறையின் உண்மையான வலு. நிதியத்தின் சொல் வணிக வழக்கில் எடைபெற்றது, நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதன் மறுபக்கம்.

அந்த நிதியத்தில் எடை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய முடிவுகளுக்கு அங்கே 85 சதவீத வாக்குகள் தேவை. அமெரிக்காவிடம் மட்டும் ஏறத்தாழ 16.5 சதவீதம் உள்ளதால், அது மறுத்தால் எதுவும் நகராது. இந்தியாவின் வாக்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. வளரும் நாடுகளின் பங்கைச் சற்றே கூட்ட 2010இல் எட்டிய உடன்பாடு, அமெரிக்க நாடாளுமன்றம் இசைவதற்காகக் காத்திருந்து 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. 1991 நெருக்கடியில் நிதியம் கைகொடுத்திராவிட்டால் இந்தியா கடன் தவணை தவறியிருக்கும். அதே ஆண்டு பற்றாக்குறையைக் குறைக்கும் முயற்சியில் உர விலை உயர்ந்தது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியா மட்டும் மலிவாக நின்றதால் தழைச்சத்தை அளவுமீறி இடும் பழக்கம் நாடெங்கும் வளர்ந்தது. நாட்டைக் காத்த மருந்தின் பின்விளைவை மண் சுமந்தது.

இனி பருத்தி. பல்தரப்பு முறையின் உச்சத்தையும் சரிவையும் ஒருசேரக் காட்டும் பொருள் இதைப்போல் வேறில்லை. பெரம்பலூரில் புரட்டாசி மழையை ஒட்டி விதைத்து, தை முதல் பஞ்செடுப்பு நடக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம். வாங்குவோர் மில்களின் முகவர்களும் வியாபாரிகளும். அவர்கள் குறிக்கும் விலைக்குப் பின்னால் நியூயார்க் முன்பேரச் சந்தையும், பிரேசில், அமெரிக்கப் பஞ்சின் வரவும் இருக்கின்றன. தன் விவசாயிகளுக்கு அமெரிக்கா பெருமளவு மானியம் கொடுத்தால் அங்கே உற்பத்தி பெருகி உலக விலை இறங்கும். அந்த இறக்கம் ஆலத்தூர் வட்டாரத்து ஏலச்சீட்டிலும் பதியும்.

இதை எதிர்த்து 2002இல் வழக்குத் தொடுத்த நாடு பிரேசில். இந்தியா, ஆப்பிரிக்காவின் பெனின், சாட் ஆகியவை மூன்றாம் தரப்பாகச் சேர்ந்தன. 2004இல் விசாரணைக் குழுவும் 2005 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பும் அமெரிக்க மானியத்தின் முக்கியப் பகுதிகள் விதிக்குப் புறம்பானவை என்று தீர்ப்பளித்தன. உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தை ஒரு வளரும் நாடு சான்றுகளோடு எதிர்கொண்டு வென்றது சாதாரணச் செய்தியல்ல. இரு நாடுகள் மட்டும் தனியே பேசியிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. விதியும் நடுவரும் பொதுவாக இருந்ததே வெற்றிக்குக் காரணம்.

தீர்ப்புக்குப் பின் நடந்தது அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. அமெரிக்கா முழுமையாகத் திருத்திக்கொள்ளாததால், 2009இல் நடுவர்கள் பிரேசிலுக்குப் பதிலடி வரி விதிக்க அனுமதியளித்தனர். ஒரு எல்லைக்கு மேல் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துரிமைகளிலும் கைவைக்கலாம் என்றனர். அமெரிக்க மருந்து நிறுவனங்களும் திரைப்பட நிறுவனங்களும் கலங்கக்கூடிய அச்சுறுத்தல் அது. உடனே 2010இல் ஓர் ஏற்பாடு பிறந்தது: பிரேசில் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர். 2014 அக்டோபரில் மேலும் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது. மானியம் வேறு பெயரில் பயிர்க் காப்பீட்டு வடிவில் தொடர்ந்தது. வழக்கில் வென்ற நாட்டுக்குப் பணம் கிடைத்தது. விலைச் சரிவால் அடிபட்ட மற்ற நாட்டு விவசாயிகளுக்கு, ஆப்பிரிக்கராயினும் இந்தியராயினும், எதுவும் வரவில்லை. உலக வணிக அமைப்பின் தீர்ப்பைச் செயல்படுத்தும் கருவி பதிலடி மட்டுமே. பதிலடி கொடுக்கும் அளவுக்குப் பெரிய சந்தை உள்ளவருக்கே அது பயன்படும். பெனின் போன்ற நாடு அமெரிக்கப் பொருள் மீது வரி போட்டால் யாருக்கு வலிக்கும்?

பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கும் 2003இல் தாங்களே வழக்குத் தொடுக்காமல் பேச்சுவார்த்தையைத் தேர்ந்து, பருத்தி மானியத்தை ஒழிக்கும் கோரிக்கையை வைத்தன. உலக வணிக அமைப்பின் 2005 ஹாங்காங் மாநாடு, பருத்தி மானியத்தைப் பிற பயிர்களைவிட வேகமாகவும் ஆழமாகவும் குறைப்பதாக வாக்களித்தது. ஏற்றுமதி மானியம் 2015 நைரோபி முடிவோடு பெரும்பாலும் ஒழிந்தது. அது பெரிய ஆதாயம். உள்நாட்டு மானியம் பற்றிய வாக்குறுதியோ, தோகா சுற்று எனப்படும் அந்த அமைப்பின் பேச்சுவார்த்தை முடியாமல் நின்றதால் காகிதத்திலேயே இருக்கிறது. எல்லாரும் இசைந்தால்தான் முடிவு என்ற நடைமுறை சிறிய நாட்டுக்கும் மதிப்புத் தருகிறது. ஒரே நாடு மறுத்தால் எல்லாம் நிற்கும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

பருத்தியில் இந்தியாவே குற்றம் சாட்டப்பட்ட தரப்பாகவும் நிற்கிறது. 2018 நவம்பரில் அமெரிக்கா, இந்தியா பருத்திக்குத் தரும் குறைந்தபட்ச ஆதரவு விலை அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறுவதாக உலக வணிக அமைப்பில் எதிர் அறிவிக்கை தாக்கல் செய்தது. வளரும் நாடு உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் வரை இத்தகைய ஆதரவு தரலாம். ஆதரவைக் கணக்கிடும் முறையில்தான் சிக்கல்: ஆதரவு விலையை இன்றைய உலக விலையோடு ஒப்பிடாமல் 1986-88 காலத்து விலையோடு ஒப்பிட வேண்டும். நாற்பது ஆண்டுப் பணவீக்கத்தை மறந்துபோன சூத்திரம் அது. அரிசி, கோதுமை போன்ற உணவுப் பயிர்களுக்கு 2013 பாலி மாநாட்டில் இந்தியா ஒரு தற்காலிகப் பாதுகாப்பு பெற்றது. பொது இருப்புக்காக வாங்கும்போது வரம்பு மீறினாலும் வழக்குப் போடமாட்டார்கள். பருத்தி உணவுப் பயிர் அல்ல என்பதால் அந்தக் காப்பு அதற்கு இல்லை. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு குவிண்டால் 7,710 ரூபாயும் நீள இழைக்கு 8,110 ரூபாயும் ஆதரவு விலை. இந்தியப் பருத்திக் கழகம் களத்தில் இறங்கி வாங்கும் ஊர்களில்தான் அந்த எண்ணுக்கு உயிர் உண்டு. மற்ற இடங்களில் ஏலம் என்ன சொல்கிறதோ அதுவே விலை.

உலக விதியை மட்டும் குறைசொல்லி நிற்பதும் நேர்மையாகாது. 2010 ஏப்ரலிலும் 2012 மார்ச்சிலும் இந்திய அரசே பருத்தி ஏற்றுமதியைத் தடுத்தது. முதல் தடைக்குப் பின் உலக விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. 2021இல் விதித்த 11 சதவீத இறக்குமதி வரியை 2022இல் சில மாதங்களும், 2025 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் இறுதி வரையும் அரசு விலக்கியது. உலக வணிக அமைப்பிடம் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு இதைவிட மிக உயரம். ஆகவே வரியை வைக்க உரிமை இருந்தும் விலக்கியது உள்நாட்டு முடிவு. நூற்பாலைகளுக்கும் ஆடை ஏற்றுமதியாளர்களுக்கும் அது மூச்சுவிடும் இடம் தந்தது. தை மாதப் பஞ்செடுப்புக்குச் சற்றுமுன் வரியில்லாப் பஞ்சு துறைமுகத்தில் இறங்குவது பெரம்பலூருக்கு எப்படிப்பட்டது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன வெங்காயத்தில் விதியின் ஓட்டை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இறக்குமதியைத் தடுப்பதற்கு எதிராகக் காட் விதிகள் கடுமையானவை. ஏற்றுமதியைத் தடுப்பதற்கு எதிராக மென்மையானவை. உணவுப் பற்றாக்குறை நேரத்தில் தற்காலிகத் தடை அனுமதிக்கப்படுகிறது. வேளாண் ஒப்பந்தம் கேட்பதெல்லாம் முன்னறிவிப்பும் வாங்கும் நாடுகளின் நிலையைக் கருதிப்பார்ப்பதும்தான். 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் என இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் திடீர் திடீரென நிறுத்தியது. கடைசித் தடை 2024 மே வரை நீடித்தது. நாசிக் பெரிய வெங்காயத்தின் விலையைப் பார்த்து எடுக்கும் முடிவு, பெரம்பலூர் மாவட்டச் செட்டிகுளத்துப் பட்டறைகளில் காற்றோட்டமாகச் சேமித்துவைத்த சின்ன வெங்காயத்தையும் சேர்த்தே கட்டிவிடக்கூடியது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாழ் தமிழர் சமையலுக்குப் போகும் சரக்கு அது; வட இந்தியச் சந்தையின் விலையோடு அதற்கு நேரடித் தொடர்பு குறைவு.

இந்தக் குழப்பத்தின் வேரும் ஒரு பல்தரப்பு ஏற்பாட்டில்தான் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு 1988 முதல் நடத்திவரும் பொருள் வகைப்பாட்டில், பெரிய வெங்காயமும் சின்ன வெங்காய இனமும் 070310 என்ற ஒரே ஆறிலக்க எண்ணுக்குள் வருகின்றன. அந்தப் பொது மொழி இல்லையென்றால் உலக வணிகமே தடுமாறும். ஆறிலக்கத்துக்குப் பிறகு கூடுதல் இலக்கங்களைச் சேர்த்துப் பிரித்துக்கொள்ளும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு. சின்ன வெங்காயத்துக்குத் தனி எண் கேட்கும் தமிழ்நாட்டு ஏற்றுமதியாளர்களின் கோரிக்கை அந்த உரிமையை ஒட்டியதுதான்; டெல்லியில் தீரக்கூடிய விஷயம் அது.

2025இல் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கு வழிசெய்த 1999ஆம் ஆண்டுச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை குறித்த உலக வணிக அமைப்பின் ஒப்பந்தத்தை நிறைவேற்ற இந்தியா இயற்றியது. மருந்து விலை காரணமாகக் கடும் எதிர்ப்புக்குள்ளான ஒப்பந்தம் ஒரு பெரம்பலூர் விளைபொருளுக்குப் பெயருரிமையும் தந்திருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் உயர்ந்த பாதுகாப்பு மதுவகைகளுக்கு மட்டுமே. அதாவது ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும். அதே பாதுகாப்பைப் பிற பொருள்களுக்கும் விரிக்க இந்தியா உள்ளிட்ட நாடுகள் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் முடிவில்லை.

பூச்சிக்கு எல்லை கிடையாது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டுப் பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் கொல்லைகளில் குருத்தைக் குடைந்து பெருஞ்சேதம் விளைவித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு நிவாரணம் தர வேண்டியதாயிற்று. 1951 முதல் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை இருக்கிறது. ஆப்பிரிக்க அனுபவத்தை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தொகுத்து வைத்திருந்தது. எந்தப் புழு, எப்படிப் பரவும், எந்த முறை பலிக்கும் என்ற அறிவு முன்கூட்டியே கிடைத்தது இந்த முறையின் கொடை. வேளாண் பல்கலைக்கழகம் கோடை உழவு, விதை நேர்த்தி, வரப்புப் பயிர், இனக்கவர்ச்சிப் பொறி என்று பரிந்துரைகளைத் தர முடிந்தது. பூச்சி நுழைவதைத் தடுக்கும் ஆற்றல் எந்த உடன்படிக்கைக்கும் இருக்கவில்லை. உணவு வேளாண் அமைப்பின் உலகளாவிய நடவடிக்கைத் திட்டம் 2019 டிசம்பரில் தொடங்கியபோது, இங்கே விவசாயி ஒரு பருவத்தை இழந்திருந்தார்.

அரியலூர் சிமெண்டைத் தொடும் புதிய விதி ஐரோப்பாவிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே கரியமில வாயுவை வெளிவிடுவதால், எரிபொருளை மாற்றினாலும் சிமெண்டின் உமிழ்வு பாதிக்கு மேல் குறையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிமக் கட்டணம் 2023 அக்டோபரில் கணக்குக் காட்டும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரியில் கட்டணக் கட்டத்துக்கு வந்தது. சிமெண்ட் அதன் முதல் பட்டியலிலேயே உண்டு. இந்தியச் சிமெண்ட் ஐரோப்பாவுக்குப் போவது சொற்பமே என்பதால் உடனடி இழப்பு பெரிதல்ல. 2015 பாரிஸ் உடன்பாடு ஒவ்வொரு நாடும் தன் வேகத்தைத் தானே வகுத்துக்கொள்ள விட்டது. இப்போது ஒரு பெரும் சந்தை தன் வேகத்தை மற்றவர்மேல் சுமத்துகிறது. பொதுவிதி மெல்ல நகரும்போது வலியவரின் தனிவிதி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இது சமகாலச் சான்று.

காலணித் தொழிலிலும் அதே நிலை. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஐ.நா. உறுப்பினராக இல்லாத தைவான், தனிச் சுங்கப் பகுதி என்ற பெயரில் 2002 முதல் உலக வணிக அமைப்பின் உறுப்பினர். அரசியல் தகராறை ஒதுக்கிவைத்து வணிகத்தை நடத்தும் இந்த நெகிழ்வு பாராட்டத்தக்கது. வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பெண்களுக்கு உள்ளூரிலேயே கூலி தரக்கூடிய இந்தத் தொழில் வெளிநாட்டுச் சந்தையை நம்பியது. எல்லா உறுப்பினருக்கும் ஒரே வரி, ஒப்புக்கொண்ட உச்சவரம்பைத் தாண்டாமை என்ற இரு விதிகளே அந்த நம்பிக்கையின் அடிப்படை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது இரு விதிகளும் ஒருசேர ஒதுக்கப்பட்டன.

வழக்குப் போட்டு வெல்லலாம் என்பதும் இப்போது பாதி உண்மைதான். மேல்முறையீட்டு உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து அந்த அமைப்பு செயலற்றுக் கிடக்கிறது. விசாரணைக் குழுவில் தோற்றவர் மேல்முறையீடு செய்துவிட்டால் தீர்ப்பு அந்தரத்தில் நிற்கும். கரும்பு, சர்க்கரை ஆதரவு பற்றிய வழக்கில் 2021 டிசம்பரில் தோற்ற இந்தியா அப்படித்தான் மேல்முறையீடு செய்தது. கரும்பு விவசாயிக்கு உடனடிக் காப்பு கிடைத்தது. அதே வழியை மற்ற நாடுகள் இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்தும்போது எதிர்த்துப் பேசும் உரிமை மங்கிவிடும் என்பதை டெல்லி எண்ணிப்பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல நாடுகளும் 2020இல் அமைத்துக்கொண்ட இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாட்டில் இந்தியா சேரவில்லை.

கடைசியாக, நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் எல்லை. இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 14ஆம் பதிவு வெளிநாட்டு ஒப்பந்தங்கள்; மாநிலப் பட்டியலின் 14ஆம் பதிவு வேளாண்மையும் பூச்சித் தடுப்பும். ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநில அதிகாரத்துக்குள்ளும் சட்டம் இயற்ற 253ஆம் பிரிவு ஒன்றியத்துக்கு வழிவிடுகிறது. உலக வணிக அமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட மாநிலங்களின் இசைவோ நாடாளுமன்றத்தின் ஒப்புதலோ சட்டப்படி தேவைப்படவில்லை. ஆகவே மக்காச்சோள வரியோ பருத்தி ஆதரவு விலையோ வெங்காயத் தடையோ ஜெனீவாவில் பேசப்படும்போது, வறட்சிக்கும் புழுவுக்கும் நிவாரணம் தரும் பொறுப்புள்ள தமிழ்நாடு அரசுக்கு அங்கே இருக்கையும் இல்லை, டெல்லியில் கட்டாயமாகக் கலந்து பேசப்படும் உரிமையும் இல்லை. வணிகப் பேச்சுகளில் தன் மாகாணங்களை உடன் வைத்துக்கொள்ளும் வழக்கம் கனடாவில் உண்டு; ஐரோப்பிய ஒன்றியத்துடனான அதன் ஒப்பந்தப் பேச்சில் மாகாணப் பிரதிநிதிகள் பங்கேற்றனர். இந்தியாவில் அதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. ஒன்றிய வணிக அமைச்சகம் வகுக்கும் ஒரு நடைமுறையே போதும்.